எங்கள் சோடாக் கடையின் ஒற்றைக் கிளாஸ்

சோடாக் கடை வைத்தவன் மனிதர்களின் தாகத்தைவிட அவர்களுடைய ஏப்பத்தைத்தான் நன்றாக அறிவான். தாகம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது. ஏப்பம் அப்படியில்லை. வாயைப் பொத்திக்கொண்டு விடுகிறவர் உண்டு. தெருக்கோடிக்குக் கேட்கும்படி விட்டுவிட்டு, யாரோ விட்டதுபோலத் திரும்பிப் பார்க்கிறவரும் உண்டு.

கடைத்தெருவில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சிரித்துச் சிரித்துத் தாடை வலி கண்ட அன்பர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. பலசரக்கு, ஜவுளி, சோடா எதுவானாலும் நம் பாடு ஒன்றுதான். என் பாட்டைக் கொஞ்சம் சொல்கிறேன்.

ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் கிளார்க்காக இருந்தவன் நான். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் பாதி வழி நடந்து, பாதி வழி ரயிலில் தொங்கி ஊர் வந்து சேர்ந்தேன். மிஷன் பள்ளியில் கற்ற தமிழும் இங்கிலீஷும்தான் கையில் மிச்சம். அருப்புக்கோட்டையில், திருச்சுழி பஸ்ஸும் நரிக்குடி பஸ்ஸும் நிற்கிற இடத்துக்கு எதிரே, வீரசோழன் ஊர்க்காரர் காதர் ராவுத்தரோடு கூட்டாகக் கடை போட்டேன். அவருக்கு சர்பத் காய்ச்சத் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது. "ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா சண்டை வரும், இதுவே சரி" என்றார் ராவுத்தர். இப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. ரங்கூனிலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் ஊருக்கு நான் இன்னும் 'ரங்கூனார்'தான்.

அண்ணாந்து குடித்தவர்

நம் பக்கத்தில் செம்போ குவளையோ, அடுத்தவர் பாத்திரத்தில் வாய் வைக்கக் கூடாது. தலையை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். தண்ணீருக்கும் மோருக்கும் சரிப்படுகிற இந்த நாகரிகம் கோலி சோடாவுக்குச் சரிப்படாது என்பதைக் கடை திறந்த அன்றைக்கே தெரிந்துகொண்டேன். நரிக்குடிப் பக்கத்து ஆட்டு வியாபாரி ஒருவர், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸின் புகையெல்லாம் முகத்தில் பூசிக்கொண்டு இறங்கி வந்தார். கோலியைத் தட்டிக் கொடுத்தேன். அண்ணாந்து புட்டியைக் கவிழ்த்தார். கோலி உருண்டு கழுத்தை அடைத்துக்கொண்டது. உலுக்கினார். கோலி விலகியதும் உள்ளே இருந்தது அத்தனையும் ஒரே மூச்சில் வந்து, வாய்க்குப் போகாமல் மூக்குக்குள் போய்விட்டது. தும்மினார், இருமினார், என்னைப் பார்த்த பார்வையில் கடையை மூடிவிடலாமா என்று நினைத்தேன்.

மறுநாளே ராவுத்தர் மதுரைக்குப் போய் ஒரு கண்ணாடிக் கிளாஸ் வாங்கி வந்தார். கையில் கனக்கிற கிளாஸ், அடியில் நட்சத்திரம் வெட்டியது. யுத்த காலத்தில் ஒன்று கிடைத்ததே பெரிது. அடுத்த வாரம் ஆட்டு வியாபாரி மறுபடி வந்தார். கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். அதையும் அவர் அண்ணாந்துதான் குடித்தார். நுரை தாடியில் இறங்கி, சட்டையில் இறங்கி, இடுப்பு வரை போயிற்று. துண்டால் துடைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "குடிச்சது பாதி, குளிச்சது பாதி. ரெண்டுக்கும் ஒரே வெலைதானய்யா?"

சர்பத் வந்த வழி

பழைய காகிதக் கடையில் புட்டிகளுக்கு இடையே திணிக்கக் காகிதம் வாங்கப் போனபோது, அட்டை போன ஓர் இங்கிலீஷ் அகராதி எடைக்கு வந்தது. கிழிக்க மனமில்லாமல் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சொல் எந்த ஊரில் பிறந்து எந்த வழியாக வந்தது என்றெல்லாம் போட்டிருந்த அகராதி அது. கூட்டமில்லாத வேளையில் நான் குடிவகைகளின் பூர்வீகம் பார்ப்பேன். சர்பத் அரபியில் 'குடிப்பது' என்ற சொல்லிலிருந்து வந்தது, இங்கிலீஷ்காரனின் 'சிரப்'பும் அதே வயிற்றுப் பிள்ளை என்று ஒருநாள் ராவுத்தரிடம் பெருமையாகச் சொன்னேன். நன்னாரி வேரைத் தட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "அது அரபி ஓதுன காலத்துலேயே தெரியும். எங்க ஊரு கெணத்துத் தண்ணி உப்பு. சொல்லாவது இனிப்பா இருக்கட்டும்னு கப்பல்ல கொண்டாந்திருப்பாக" என்றார்.

உச்சி வெயிலில் பஸ்ஸெல்லாம் போன பிறகு, அந்த நட்சத்திரக் கிளாஸில் பாதிக்கு நன்னாரி, பாதிக்கு சோடா விட்டு ராவுத்தர் கலப்பார். முதல் தடவை அவர் வாய் வைத்துப் பாதி குடித்துவிட்டு அப்படியே என்னிடம் நீட்டினார். என் கை ஒரு நொடி தயங்கியது. பழக்கதோஷம்தான், வேறொன்றும் இல்லை. அவர் அதைப் பார்த்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. கிளாஸைப் பின்னுக்கு இழுக்கவும் இல்லை. "கழுவிக் குடுத்தா அது யாவாரம், ரங்கூனாரே. கழுவாமக் குடுத்தா அதுதான் கூட்டு" என்றார்.

சீமைக்குப் போன இஞ்சி

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் தினமும் நாலு மணிக்கு வருவார். இஞ்சிச் சாறு விட்ட சோடாதான் வேண்டும். ஆனால் இஞ்சி என்று நாங்கள் வாயைத் திறந்தால் முகம் சுளிப்பார். "இஞ்சித் தண்ணி எங்க வீட்டுல வயித்துவலிக்குக் குடுப்பாளுக. எனக்கு ஜிஞ்சர் குடுங்கய்யா" என்பார். ஒரே ஜாடிதான், ஒரே கரண்டிதான். 'ஜிஞ்சர்' என்று சொல்லிக் கொடுத்தால் முகத்தில் அப்படியொரு நிறைவு.

அகராதியில் பார்த்தால், அந்த ஜிஞ்சரே நம்முடைய இஞ்சிதானாம். இங்கிருந்து கப்பலேறி, பல தேசத்து வாய்களில் உருண்டு, சீமை வரை போய் ஜிஞ்சராகியிருக்கிறது. அந்த வரியின் மேல் விரலை ஓட்டி மறுபடி மறுபடி படித்தேன். கடல் தாண்டிப் போய்ப் பெயர் மாறித் திரும்பி வந்தவர்களுக்குத்தான் அது புரியும். அன்று சாயங்காலம் அகராதியை விரித்துக் குமாஸ்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். தோற்றுப்போன முகத்தை எதிர்பார்த்தேன். அவர் கிளாஸை நீட்டிச் சொன்னார்: "அதுனால என்னங்கிறேன்? சீமைக்குப் போய்ட்டு வந்திருக்குல்ல, அதுக்குண்டான மரியாதைய நாமதான் குடுக்கணும்."

பூனையும் புலியும்

கடைக்கு முன்னால் நானும் ராவுத்தரும் உட்கார்ந்திருந்தாலும், சோடா பிறப்பது பின்கட்டில். அங்கே முனியாண்டி இருந்தான். முப்பத்தைந்து வயது, தீக்குச்சி உடம்பு. மதுரையில் ஒரு சோடாக் கம்பெனியில் பத்து வருஷம் மிஷின் சுற்றியவன். புட்டிகளைத் தொட்டிலில் படுக்க வைத்து, கம்பிவலை மூடியைப் போட்டு, காஸைத் திறந்து சக்கரத்தைச் சுற்ற வேண்டும். காஸ் குறைந்தால் கோலி மேலேறிக் கழுத்தை அடைக்காது. கூடினால் புட்டி வெடித்துக் கண்ணாடி பறக்கும். அளவு காட்டும் முள் எங்கள் மிஷினில் எப்போதோ உடைந்துபோயிருந்தது. முனியாண்டி காதை வைத்து அளந்தான். அவன் சுற்றிய நாளில் ஒரு புட்டியும் வெடித்ததில்லை. காதைச் சற்றே சாய்த்துக்கொண்டு அவன் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தால், வீணைக்குச் சுருதி கூட்டுகிறவர் நினைவு வரும்.

அவன் ஊருக்கு வெளியே இருக்கிற தெருவைச் சேர்ந்தவன். நாங்கள் தண்ணீர் எடுக்கும் கிணற்றில் அவன் வாளி இறங்கக் கூடாது. வண்டியில் வந்து இறங்கிய பிறகு அதே தண்ணீரை அவன் கையால் அடைக்கலாம், ஊரே குடிக்கலாம். நட்சத்திரக் கிளாஸ் மட்டும் அவனுக்கும் அவன் தெருக்காரர்களுக்கும் இல்லை. பின்சுவரில் ஓர் ஆணி, அதில் கம்பிப் பிடி போட்ட பழைய பால் டப்பா. அதை அங்கே மாட்டியது யார் என்று கேட்டால் ராவுத்தர் என்னைப் பார்ப்பார், நான் சுவரைப் பார்ப்பேன். எல்லாக் கடையிலும் இருந்தது, எங்கள் கடையிலும் இருந்தது. அவ்வளவுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. மிஷின் எப்படிச் சுற்றுவது என்று ஒருமுறை அவனிடம் கேட்டேன். அவன் சொன்னான்: "சத்தத்தக் கேளுங்கய்யா. பூனை கத்துனாப் பத்தாது. புலி கத்துனாப் போதும். அதுக்கு மேல கத்துச்சுன்னா ஓடிருங்க."

ஒரு கலர், இரண்டு பேர்

சிவப்பு சோடாவுக்கு 'ராஸ்பெரி' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். ராஸ்பெரிப் பழத்தை ஊரில் யாரும் கண்டதில்லை, எழுதிய நானும் கண்டதில்லை. ஒரே வாரத்தில் ஊர் அதைத் திருத்திவிட்டது: கலர். சிவப்புக் கலர், பச்சைக் கலர். நிறத்தையே குடிக்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் நம் ஜனங்கள்தான். இங்கிலீஷ்காரனிடம் போய் 'ஒரு கலர் குடு' என்றால் பெயிண்டு டப்பாவைத்தான் எடுப்பான்.

நூலுக்குச் சாயம் போடுகிற இரண்டு பேர் செவ்வாய்தோறும் வருவார்கள், மாமன் மச்சான் முறை. "எங்க தொட்டியில மோந்துட்டு வந்து எங்களுக்கே விக்கிறீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரு கலர். ஒருவர் பாதி குடித்து மற்றவரிடம் கொடுப்பார். பாதி எது என்று வாராவாரம் வழக்கு நடக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மச்சான் மட்டும் வந்தார். மாமனுக்குக் காய்ச்சல். ஒரு கலர் வாங்கிப் புட்டியிலேயே பாதி குடித்துவிட்டு, மீதியைப் பலகை மேல் வைத்துவிட்டு எழுந்தார். "திறந்த புட்டி அண்ணே, காத்துப் போயிருமே" என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "காத்துப் போனாப் போகுது. பாகம் போகக் கூடாதுல்ல?"

நடந்து வந்த வழியில்

ஒரு மத்தியானம் முனியாண்டி சக்கரம் சுற்றிக்கொண்டே, "ரங்கூன்ல இருந்து வார வழியில என்னய்யா குடிச்சீக?" என்று கேட்டான். கிடைத்ததைக் குடித்தோம் என்றேன். எங்கள் கூட்டத்தில் பதினோரு பேர். மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர், தெலுங்கர் இருவர், ஒரு சீக்கியர். எல்லோருக்கும் சேர்த்து ஒரு தகரக் குவளை. ஓடையில் மோந்து ஆளுக்கு ஒரு வாய். அண்ணாந்து குடித்தால் சிந்திவிடும் என்று எல்லோரும் வாய் வைத்தே குடித்தோம். நீ யார், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெம்பும் இல்லை. இதையெல்லாம் நான் கதை சொல்கிற சுகத்தில் சொல்லிக்கொண்டே போனேன்.

அவன் சக்கரத்தை நிறுத்தவில்லை. ஆணியில் தொங்கிய டப்பாவை ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பில் குத்தல் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "அப்ப, ஊருக்கு வந்தபெறகுதான் வாய் வேற வேறயாப் போச்சாக்கும்" என்றான்.

கல்யாணச் சோடா

எங்கள் கடைக் கட்டடம் எண்ணெய்க்கடை முதலாளிக்குச் சொந்தம். நல்ல மனிதர், ஆனால் வாயுத்தொல்லைக்காரர். சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் சோடா ஒன்று இறங்கினால்தான் அவருக்கு நெஞ்சு லேசாகும். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம். மகள் கல்யாணத்துக்கு இருபது டஜன் சோடாவும் கலரும் வேண்டும் என்று ஒருநாள் தாமே வந்து சொன்னார். ராவுத்தர் அன்று நன்னாரி வேர் வாங்க வெளியூர் போயிருந்தார். முதலாளி போகிற போக்கில் குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி வீட்டார் ஆசாரம் பாக்கிறவுக. உங்க மிஷின்ல நிக்கிறானே, கல்யாணம் முடியிற மட்டும் அவன் கை படாம பாத்துக்கங்க. முடியாதுன்னா சொல்லிருங்க. கடைக்கு வேற ஆளு கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

முடியாது என்று நான் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினேன். இரண்டு மொழி படித்தவன், இரண்டிலும் அதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. பின்கட்டுக்குப் போய், பத்து நாள் வர வேண்டாம், கூலி வீட்டுக்கு வந்துவிடும் என்று முனியாண்டியிடம் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். வாசல் வரை போனவன் திரும்பி நின்று சொன்னான்: "நீங்களேதான் சுத்தப் போறீகன்னா, மூடியப் போடாம தொட்டுறாதீகய்யா. கண்ணு பத்திரம்."

கொட்டாவி விட்ட கோலி

ராவுத்தர் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டார். உச்சிவேளையில் வழக்கம்போல நன்னாரியும் சோடாவும் கலந்து பாதி குடித்தார். பிறகு எழுந்து போய், தொட்டித் தண்ணீரில் கிளாஸை நன்றாகக் கழுவி, புதிதாக ஊற்றி என்னிடம் நீட்டினார். அடித்திருந்தால் தேவலை. அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் கழுவித்தான் கொடுத்தார்.

மிஷினை நாங்கள் இருவரும் சுற்றினோம். முதல் நாள் இரண்டு புட்டி வெடித்தது. மூடி இருந்ததால் கண் தப்பியது. அதன் பிறகு பயத்தில் காஸைக் குறைத்தோம். பூனைகூடக் கத்தவில்லை. கோலி பாதி ஏறி, பாதி இறங்கி, மனசில்லாமல் நின்றது. அந்தச் சோடாவைத்தான் மூன்று நாளும் முதலாளி வீட்டுக்கு அனுப்பினோம். நாலாம் நாள் மத்தியானம் அவரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். "என்ன சோடாய்யா இது? கோலியத் தட்டுனா கொட்டாவியில்ல விடுது! மூணு நாளா எனக்கு நெஞ்சு இறங்கல."

நான் ஏதோ முனகினேன். ராவுத்தர்தான் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. "மூணு வருசமா உங்க நெஞ்ச இறக்கி வச்சது யாரு கைன்னு நெனைச்சீக, மொதலாளி? கை படக் கூடாதுன்னு சொன்னீக, படல. வாய்க்கு என்ன செய்யிறது? யுத்தம் தொடங்குனதுல இருந்து புதுப் புட்டி கெடையாது. இருக்கிற புட்டிதான் சுத்தி வருது. சாயம் போடுற மாமன் மச்சான் வாய் வச்சது, எங்க வீரசோழன் ஆளுக வாய் வச்சது, பஸ்ஸு டிரைவரு வாய் வச்சது. கழுவி அடைக்கிறோம். நீங்களும் அதுலதான் வாய் வச்சீக. நல்லாத்தான இருந்தீக?" முதலாளி பலகையில் உட்கார்ந்தார். அடுக்கியிருந்த புட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஏதோ ஜாடை தெரிகிறதா என்பதுபோல. பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அவனையே கூப்பிட்டுக்கங்க. இந்தப் புட்டி வெவகாரம் மட்டும் எம் பொண்டாட்டி காதுக்குப் போயிறக் கூடாது."

கூழுக்கு அண்ணாக்க முடியாது

ஆள் அனுப்பலாம் என்றேன். "போகச் சொன்ன வாய்தான் வரச் சொல்லணும்" என்றார் ராவுத்தர். நானே போனேன். மூன்று வருஷம் என்னோடு வேலை செய்தவனின் தெருவுக்கு அன்றுதான் முதல்முதலாகப் போகிறேன். கரிசல் வெயிலில் வெடித்துக் கிடந்தது. முனியாண்டி வீட்டில் இல்லை, விறகு வெட்டப் போயிருந்தான். அவன் மனைவி ராக்கு, என்னைப் பார்த்துப் பதறி ஒரு சாக்கை உதறிப் போட்டாள். வெயிலில் வந்த முகத்தைப் பார்த்தோ என்னவோ, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "கம்மங்கூழுதான்யா இருக்கு. எங்க வீட்டுல குடிப்பீகளா?"

ஒரு மண்கலயத்தில் மோர் விட்டுக் கரைத்த கூழ், தனியாக ஒரு சின்ன வெங்காயம். வீட்டில் இருந்தது அந்த ஒரு கலயம்தான். சீமைக்குப் போன நம் சொற்களில் கஞ்சியும் ஒன்று என்று அகராதியில் பார்த்திருக்கிறேன். கூழ் மட்டும் எங்கும் போகவில்லை, கரிசலிலேயே இருந்துவிட்டது. பழக்கத்தில் கலயத்தைத் தூக்கி அண்ணாந்தேன். கூழ் தண்ணீர் மாதிரி இறங்குமா? அசையவில்லை. அதற்கு வாய் வைத்தே ஆக வேண்டும். வைத்தேன். அந்தத் தகரக் குவளைக்குப் பிறகு அத்தனை ருசியாக நான் எதையும் குடித்ததில்லை. பாதி இறங்கியபோது முனியாண்டி விறகுக் கட்டோடு வந்து நின்றான். நான் எழுந்து, "நான் செஞ்சது தப்பு, முனியாண்டி. வா" என்றேன். விறகை இறக்கிவிட்டு, என் கையிலிருந்த கலயத்தை வாங்கினான். மீதியைக் குடித்தான். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "வாரேன்யா. அந்த டப்பா அங்க தொங்குனா வரமாட்டேன்."

உள்ளே போன புலி

டப்பாவை நானே கழற்றினேன். ஆணி வரவில்லை, சுவரோடு இருக்கிறது. அதில் இப்போது காலண்டர் தொங்குகிறது. கல்யாணத்துக்கு இருபது டஜனும் போயிற்று. சம்பந்தி வீட்டார் புலி புலியாய்த் திறந்து குடித்ததாகக் கேள்வி. டப்பாவைக் கழற்றிய சேதி பரவியதும், கடைக்கு வந்துகொண்டிருந்த சிலர் வருவதை நிறுத்தினார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நிறுத்தவில்லை. வீட்டிலிருந்து சொந்த டம்ளர் கொண்டு வந்தார். நாலு நாள் அதில் ஊற்றிக் குடித்தார். ஐந்தாம் நாள் மறந்துபோய் வந்தவர், ஜிஞ்சரைப் புட்டியில் வாய் வைத்தே குடித்துவிட்டுப் போனார்.

கல்யாணம் முடிந்த மறுநாள் உச்சிவேளை. ராவுத்தர் பின்கட்டைப் பார்த்து, "ஏலே முனியாண்டி, முன்னால வா" என்று கூப்பிட்டார். பாதி நன்னாரி, பாதி சோடா. தாம் கொஞ்சம் குடித்துவிட்டு, கழுவாமல், நட்சத்திரக் கிளாஸை அவனிடம் நீட்டினார். எதிரே திருச்சுழி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். முனியாண்டி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினான். ஆயிரக்கணக்கில் சோடா அடைத்தவன். கிளாஸில் ஒன்றும் குடித்ததில்லை. பழக்கம் விடுமா? அண்ணாந்து ஊற்றினான். நுரை நேராக மூக்குக்குள் போயிற்று. அவன் தும்மிய தும்மலில் பஸ்ஸிலிருந்து ஒருவர் சிரித்தார். ராவுத்தர் அவன் முதுகைத் தட்டி, "வாய வச்சுக் குடியேன்ப்பா, கண்ணாடிக்கு நோகாது" என்றார். வாய் வைத்தான். நட்சத்திரம் தெரிகிற மட்டும் குடித்துவிட்டு, மீதியை அப்படியே என்னிடம் கொடுத்தான். இந்தத் தடவை என் கை தயங்கவில்லை. நான் குடித்து முடிப்பதற்குள் அவனிடமிருந்து ஓர் ஏப்பம் கிளம்பியது. பஸ் நிலையம் முழுக்கக் கேட்டது. அவனே திடுக்கிட்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கண் நிறைய வியப்போடு சொன்னான்: "உள்ள போயும் புலிதான்யா கத்துது!"

இத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்து அந்த அகராதியைப் புரட்டியதில் நான் கண்டது என்னவென்றால், எல்லாக் குடிவகைக்கும் பிறந்த ஊர் போட்டிருக்கிற அகராதிக்காரன், ஏப்பத்துக்கு மட்டும் எந்தத் தெரு என்று எழுதத் துணியவில்லை.